கழுவிக் கவிழ்த்த கோப்பை

பொய் சொல்லிவிட்டீர்கள், செயலர் அவர்களே. வெளிநாட்டுக் களப்பயணத்தை நீங்கள் செலவைப் பார்த்து நிறுத்தவில்லை. ஒரு காகிதக் கப்பைப் பார்த்து நிறுத்தினீர்கள்.

வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து சமீபத்தில் ஓய்வுபெற்ற கல்லூரியின் செயலர் இவர். பெயரை நான் எழுதப் போவதில்லை. அவரே எழுதட்டும். இந்தத் தொடரில் இதுவரை கபடிக் கதையும் கால் உடைந்த கதையும் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்த வாரம் இதைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

ஆசிரியர் கூட்டத்தில் நீங்கள் கேட்டது அப்படியே காதில் நிற்கிறது. "அம்புட்டுத் தூரம் போயி அந்தப் பிள்ளைக என்னத்தக் கொண்டாந்துச்சு? புளிச்ச தோசையத் தின்னுட்டு வந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நான் அந்தப் பிள்ளைகளோடு போனவள். என்ன கொண்டுவந்தார்கள் என்று நான் சொல்கிறேன்.

எத்தியோப்பியாவில் ஒரு மதியம். மலைச்சரிவில் தகரக் கூரை போட்ட மண்வீடு. தரையில் அப்போதுதான் அறுத்துவந்த பச்சைப் புல்லைப் பரப்பியிருந்தார்கள். சாம்பிராணிப் புகையும் வறுத்த காப்பிக்கொட்டை வாசனையும் கலந்து வீடு நிறைந்திருந்தது. வீட்டுக்காரி அல்மாஸ் முக்காலியில் உட்கார்ந்து, கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பைகளில் காப்பி ஊற்றிக் கொடுத்தார்.

முதல் சுற்று முடிந்ததும் எங்கள் மாணவி மாரி எழுந்தாள். தான் குடித்த கோப்பையை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் வெளியே போனாள். வாசலில் இருந்த குடத்துத் தண்ணீரில் அதைக் கழுவினாள். மற்றக் கோப்பைகளோடு சேர்க்காமல், சுவரோரம் ஒரு கல்லின் மேல் தனியாகக் கவிழ்த்து வைத்தாள்.

அல்மாஸின் முகம் மாறிவிட்டது.

அது அங்கேயே நிற்கட்டும். மாரியின் கை ஏன் அப்படிச் செய்தது என்று சொல்ல, நான் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

விசிலோடு விமானம்

அந்தப் பயணம் புவியியல் துறையுடையது. எனக்கும் புவியியலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எங்கள் கல்லூரியில் முன்பு வேலை பார்த்த ஜெயபால் சார் எத்தியோப்பியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். நம் ஊர் வாத்தியார்கள் பலர் அந்த நாட்டில் இருக்கிறார்கள். அவர்தான் போன் போட்டார். "நம்ம பேரையூர்ப் பக்கம் மாதிரியே கரிசக் காடு இங்க ஒண்ணு இருக்கு. மானம் பாத்த பூமி. பிள்ளைகளக் கூட்டிட்டு வாங்க, பாக்கட்டும்" என்றார்.

பெண் பிள்ளைகள் வருவதால் கூட ஒரு பெண் ஆசிரியை போக வேண்டும் என்றார்கள். ஒரு மேடத்துக்கு மகனின் பரீட்சை. இன்னொருவருக்கு ரத்தக் கொதிப்பு. கடைசியில் என்னிடம் வந்தார்கள். உலகத்தின் பெரிய ஓட்டக்காரர்கள் பிறக்கிற நாடு. கூப்பிட்டால் போகாமல் இருப்பேனா? "விசிலோட வாரேன்" என்றேன்.

கிளம்பும் நாளில் மதுரை விமான நிலையத்தில் ஒரு கல்யாணக் கூட்டமே நின்றது. பழங்காநத்தத்திலிருந்து வந்த ஒரு அம்மா தூக்குவாளி நிறையப் புளியோதரை கொண்டுவந்திருந்தார். "அங்கிட்டு சோறு இருக்குமோ என்னமோ" என்று என் கையில் திணித்தார். உள்ளே எடுத்துப் போன ஊறுகாய் பாட்டில்களை எல்லாம் சோதனையில் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். கார்த்தி என்ற பையன், தன் அம்மா போட்ட நார்த்தங்காய் ஊறுகாயை அங்கேயே திறந்து, சோதனைக்காரரிடம் "ஒரு விரலாச்சும் நக்கிப் பாருங்கண்ணே, வீணாப் போகுது" என்று கெஞ்சினான். அந்த மனிதர் சிரித்தாரே தவிர விடவில்லை.

முதல் நாள் எல்லோருக்கும் பயம். வெளிச்சம் வேறு மாதிரி, குளிர் வேறு மாதிரி. இரண்டாம் நாள் வயல்காட்டில் ஒருவர் இரட்டை மாடு பூட்டி உழுதுகொண்டிருந்தார். கார்த்தி நேராகப் போனான். மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தான். விரலைக் காட்டி வயது சொன்னான். அந்த விவசாயி ஏரை விட்டுவிட்டு அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்த ஊர் மொழியில் அவனுக்கு ஒரு வார்த்தை தெரியாது. வகுப்பில் அவன் வாய் திறந்து நான் பார்த்ததில்லை என்று கூட வந்த புவியியல் சாரே சொன்னார்.

இதுவும் புளித்த தோசைக் கணக்கில்தான் வருமா, செயலர் அவர்களே?

பிரியாவும் மாரியும்

பயணத்துக்கு வந்த பிரியாவும் மாரியும் ஒரே ஊர். பேரையூர் போகிற வழியில் உள்ளே போக வேண்டும். பிரியாவின் அப்பாவுக்கு நிலம், கிணறு, டிராக்டர் எல்லாம் உண்டு. மாரியின் வீடு காலனியில். அவள் தாத்தா பாட்டி பிரியா வீட்டுக் காட்டில் கூலிக்கு வேலை பார்த்தவர்கள். மாரியின் அப்பா அதை விட்டு வெளியேறி, திருமங்கலத்தில் சொந்தமாக லோடு ஆட்டோ ஓட்டுகிறார்.

இரண்டு பேரும் என் கபடி அணியில் இருந்தார்கள். மாரி பாடிப் போனால் ஆளைத் தொடாமல் திரும்ப மாட்டாள். பிரியா பிடித்தால் விட மாட்டாள். களத்தில் கைகோத்து நின்றால் இரண்டு பேரையும் பிரிக்க ஆள் கிடையாது. தண்ணீர் குடிக்கும்போது நம் ஊரில் எல்லோருமே அண்ணாந்துதான் ஊற்றிக்கொள்வோம். அதனால் களத்தில் யார் யாருக்கு எவ்வளவு தூரம் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

வீட்டுக்குப் போனால் தெரியும். ஒருமுறை போட்டிக்குப் போகிற வழியில் பிரியா வீட்டில் வேனை நிறுத்தினோம். பிரியாவின் அம்மா நல்ல மனுஷி. முகம் நிறையச் சிரித்து, எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்தார். எங்களுக்கு எவர்சில்வர் டம்ளர். மாரிக்கு மட்டும் காகிதக் கப்.

"ஏங்க, டம்ளர் பத்தலயா?" என்று நான் சத்தமாகவே கேட்டேன்.

"விசேஷத்துக்கு வாங்குனது மிச்சம் கெடந்துச்சு மேடம். அதுக்கும் அதான் பழக்கம்" என்றார் அவர். அந்தச் சிரிப்பு கொஞ்சமும் குறையவில்லை.

மாரி குடித்தாள். கப்பைக் கசக்கி, கொல்லைப் பக்கம் போய்த் தானே குப்பையில் போட்டாள். பிரியா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேனில் ஏறியதும் நான் கத்த ஆரம்பித்தேன். மாரிதான் என்னை அடக்கினாள். "விடுங்க மேடம். கப்பு வந்ததே முன்னேத்தந்தான். எங்கம்மா காலத்துல கழுவிக் கவுத்தணும்."

சொல்லிவிட்டு மாரி ஜன்னல் கம்பியில் தாளம் போட்டுக்கொண்டு வந்தாள்.

அல்மாஸின் கேள்வி

இப்போது அந்தப் புல் பரப்பிய வீட்டுக்கு வருவோம்.

கோப்பைகள் குறைவு, ஆட்கள் அதிகம். "மாத்தி மாத்தித்தான் குடிக்கணும், ஒண்ணும் நெனைக்காதீங்க" என்று ஜெயபால் சார் முதலிலேயே சொல்லியிருந்தார். நம் பிள்ளைகள் நினைத்தார்கள். இன்னொருவர் குடிக்கப் போகிற கோப்பையில் வாய் வைக்கலாமா? மரியாதையாக, கொதிக்கிற காப்பியை உயரத் தூக்கி அண்ணாந்து ஊற்றினார்கள். கார்த்திக்கு மூக்கு வெந்தது. இன்னொருத்தியின் சுடிதார் முழுக்கக் காப்பி. அல்மாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எப்படிக் குடிக்க வேண்டும் என்று உதட்டைக் குவித்து உறிஞ்சிக் காட்டினார். பிள்ளைகள் ஒவ்வொருவராக வாய் வைத்துக் குடித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் மாரி எழுந்து போய்க் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தது. அங்கே காகிதக் கப் இல்லை. அடுத்தவர் வீட்டில் அவள் கையில் நிஜமான கோப்பையைக் கொடுத்தார்கள். அவள் அம்மாவின் கை செய்ததை அவள் கை செய்துவிட்டது.

அல்மாஸ் ஜெயபால் சாரிடம் ஏதோ கேட்டார். குரல் இறங்கியிருந்தது.

"கோப்பை அழுக்கா இருந்துச்சான்னு கேக்குறாங்க" என்றார் சார். "விருந்தாளி கோப்பையக் கழுவுனா வீட்டுக்காரங்களக் குத்தம் சொன்ன மாதிரி. வருத்தப்படுறாங்க."

மாரி கையை ஆட்டி மறுத்தாள். "ஐயோ, இல்ல சார். நல்லாத்தான் இருந்துச்சு. நான் சும்மா..." என்றாள். என்ன சொல்லுவாள்?

நான் வாயைத் திறப்பதற்குள் பிரியா பேசினாள்.

"எங்க வீட்ல அவளுக்கு டம்ளர் குடுக்க மாட்டோம் சார். முந்தி டம்ளர்ல அவங்க வீட்டாளுக குடிச்சா, அவுகளே கழுவித் தனியாக் கவுத்தணும். அதான் அவ கழுவுனா. அப்படியே சொல்லுங்க."

ஜெயபால் சார் என்னைப் பார்த்தார். "இத எப்படி மேடம் சொல்றது? நம்ம நாட்டப் பத்தி..."

"உள்ளதச் சொல்லுங்க சார்" என்றேன்.

சொன்னார். நீண்ட நேரம் சொன்னார். அல்மாஸ் கேட்டுக்கொண்டே அடுப்பில் இருந்த கழுத்து நீண்ட கறுப்புப் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து வெளியே போனார். கல்லின் மேல் இருந்த கோப்பையை எடுத்துவந்து நடுவில் வைத்தார். அதில் இரண்டாம் சுற்றுக் காப்பியை ஊற்றித் தான் ஒரு வாய் குடித்தார். அதை அப்படியே பிரியாவிடம் நீட்டினார். பிரியா குடித்துவிட்டு மாரியிடம் கொடுத்தாள்.

சாப்பாடு வந்தது. ஒரே பெரிய தட்டு. அகலமான, ஓட்டை ஓட்டையான, புளித்த ரொட்டி. நீங்கள் சொன்ன அதே தோசை. மேலே பருப்பும் கடலைமாவுக் குழம்பும். அன்று புதன்கிழமை, அவர்களுக்குக் கவுச்சி ஆகாது. "நம்ம ஊரு வெள்ளிக்கிழமை மாதிரியே இருக்கு" என்றாள் ஒருத்தி.

அந்த ஊரில் ஒரு வழக்கம். மதிக்கிறவர்களுக்கு ஒரு வாய் சுருட்டி ஊட்டிவிடுவார்கள். மறுக்கக் கூடாது. ஒரு வாயோடு நிறுத்தவும் கூடாது. அல்மாஸ் மாரிக்கு ஊட்டினார். அடுத்துப் பிரியாவுக்கு. பிறகு பிரியாவைப் பார்த்து, 'நீ அவளுக்கு' என்று கையைக் காட்டினார்.

பிரியா சுருட்டினாள். விரலிடுக்கில் பருப்பு வழிந்தது. மாரியின் வாய் வரை கொண்டுபோய் நிறுத்தினாள்.

மாரி வாயைத் திறக்கவில்லை. அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கை கழுவுனியாடி நீ?"

வீடே அதிரும்படி சிரித்தோம். பிரியா சிரித்துக்கொண்டே அழுதாள். மாரி வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் அவள் விரலையும் கடித்து வைத்தாள். கார்த்தி அதைப் போனில் படம் எடுத்தான்.

பானை செய்த வீடு

இதோடு முடித்தால், அந்த நாட்டுக்காரர்கள் எல்லாம் தெய்வங்கள், நாம்தான் மட்டம் என்று ஆகிவிடும். எனக்கு அப்படி எழுத வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

மறுநாள் மாரி ஜெயபால் சாரிடம் கேட்டாள். "அந்தக் காப்பிப் பானை அழகா இருக்கே சார். யாரு செய்றா?"

சார் தயங்கினார். "கீழ சரிவுல ஒரு குடும்பம். மண்பாண்டம் செய்றவுக. இவுக அவுககிட்டப் பானை வாங்குவாக. அவுக வீட்ல சாப்பிட மாட்டாக."

பிரியாவும் மாரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அட, இங்கயுமா?" என்றாள் மாரி. அவள் முகத்தில் கோபம் இல்லை. தெரிந்த பேருந்தை அயலூரில் பார்த்தவள் போல இருந்தது. "அப்ப இது நம்மளுக்குன்னு சாமி எழுதி வச்சது இல்ல போல மேடம். மனுசன் எங்க போனாலும் செய்ற களவாணித்தனந்தான்."

அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் இன்னொரு விமான டிக்கெட் எடுத்துக்கொடுப்பேன். மதுரையில் உட்கார்ந்து எத்தனை பாடம் நடத்தினாலும் அது அவள் வாயில் வந்திருக்காது. நம் ஊரில் அது காற்று மாதிரி. அயல்நாட்டில் பார்த்த பிறகுதான் அவளுக்கு அது வெறும் பழக்கம் என்று தெரிந்தது. பழக்கம் என்றால் விட்டுவிடலாம் அல்லவா?

பிள்ளைகள் அந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்றார்கள். போனோம். சக்கரம் இல்லாமல், கையாலேயே பானை வனைகிறார் ஒரு அம்மா. எங்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். கூட வந்த அல்மாஸ் வேலிக்கு வெளியே நின்றுவிட்டார். மாரி தன் கோப்பையை எடுத்துக்கொண்டு போய், வேலிக்கு மேலே அவரிடம் நீட்டினாள். சிரித்துக்கொண்டே நீட்டினாள்.

அல்மாஸ் வாங்கிக்கொண்டார். குடித்தாரா, எங்களுக்குத் தெரியாமல் கொட்டினாரா, நான் பார்க்கவில்லை. பார்க்காமல் திரும்பிக்கொண்டேன்.

ஊர் திரும்பிய பின்

வந்து கொஞ்ச நாளில் பிரியாவின் அம்மா போன் செய்தார். பாதி அழுகை.

"மேடம், இவ டம்ளரத் தொட மாட்டேங்கிறா. கடையில பேப்பர் கப்பு ஒரு கட்டு வாங்கி வச்சிருக்கா. காலையில காப்பி கப்புல. ராத்திரி பாலு கப்புல. குடிச்சுப்புட்டு அவளே குப்பையில போடுறா. விருந்தாளுக முன்னாடியும் அப்படித்தான். மானம் போகுது மேடம்."

"ஏன்னு கேட்டீங்களா?"

"மாரிக்கு என்னிக்கு டம்ளர் குடுக்குறியோ, அன்னிக்கு எனக்கும் குடுங்குறா. போராட்டம் பண்ணுது மேடம் சனியன்."

செல்லமாகத்தான் திட்டினார். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. எத்தனையோ மறியல் பார்த்திருக்கிறேன், உண்ணாவிரதம் பார்த்திருக்கிறேன். ஒரு பெண் தன் சொந்த வீட்டில் தன்னைத்தானே ஒதுக்கிவைத்துக்கொண்டு நடத்திய இந்தப் போராட்டத்துக்கு ஈடாக எதையும் பார்த்ததில்லை. நான் சொல்லிக்கொடுத்தது இல்லை. சொல்லிக்கொடுக்க எனக்கு அவ்வளவு மூளையும் இல்லை.

இதற்குள் கார்த்தி எடுத்த படம் போன் போனாய்ப் போய் ஊரைச் சுற்றிவிட்டது. பிரியாவின் அப்பா கல்லூரிக்கு வந்தார். நீங்கள் மாரியின் அப்பாவையும் வரச் சொன்னீர்கள். கூட்டிப் போனவள் என்று என்னையும் கூப்பிட்டீர்கள்.

உங்கள் அறை

நினைவிருக்கிறதா, செயலர் அவர்களே? எனக்கு இருக்கிறது. ஏசி கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

பிரியாவின் அப்பாதான் முதலில் பேசினார். குரலில் கோபத்தைவிட வேதனைதான் இருந்தது. "எம்மக எங்க வீட்லயே விருந்தாளி மாதிரி இருக்கா சார். நீங்க அங்க கூட்டிட்டுப் போயி என்னத்தச் சொல்லிக்குடுத்தீக?"

மாரியின் அப்பா காக்கிச் சட்டையோடு வந்திருந்தார். லோடு இறக்கிவிட்டு அப்படியே வந்தவர். "எம்பிள்ள தப்பு எதும் செஞ்சிருந்தா சொல்லுங்க சார், கண்டிக்கிறேன்" என்றார். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தார்.

அப்போது டீ வந்தது. உங்கள் ஆள் கொண்டுவந்தார். பிரியாவின் அப்பாவுக்குப் பீங்கான் கோப்பை, கீழே தட்டு. எனக்கும் அதே. மாரியின் அப்பாவுக்குக் காகிதக் கப்.

பிரியாவின் அப்பா தன் கோப்பையை எடுக்கப் போனவர், கையை நிறுத்தினார். எதிரே இருந்த கப்பைப் பார்த்தார். தன் கோப்பையைப் பார்த்தார். அவர் வீட்டுச் சமையலறையில் நாள்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த காட்சி அது. அன்றைக்குத்தான் அவர் கண்ணில் பட்டது. கோப்பையைத் தட்டோடு மெல்ல முன்னால் தள்ளி வைத்தார்.

"சரிங்க சார். நான் வாரேன்" என்று எழுந்தார்.

"ஏன், புகார்?" என்று நீங்கள் கேட்டீர்கள்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. எங்க வீட்டு விசயம். நான் பாத்துக்கிறேன்."

போய்விட்டார். புகார் அங்கேயே முடிந்தது. நான் வெளியே வந்தபோது கல்லூரி வாசலில் இருக்கிற டீக்கடையில் இரண்டு அப்பாக்களும் நின்றார்கள். ஒருவர் சாலையைப் பார்த்து, ஒருவர் மரத்தைப் பார்த்து. இருவர் கையிலும் ஒரே மாதிரி கண்ணாடி கிளாஸ்.

பிரியா இப்போது அவள் வீட்டில் டம்ளரில்தான் குடிக்கிறாள். மாரி அந்த வீட்டுக்குப் போய்க் குடித்தாளா என்று கேட்டேன். "போன வாரம் போனேன் மேடம். டம்ளர்ல குடுத்தாக. காப்பிதான் ஒரே கசப்பு. கப்புலயே நல்லா இருந்துச்சு" என்றாள். சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரித்தாள்.

உங்கள் காகிதக் கப்பைப் பார்த்து வாதியே புகாரை எடுத்துக்கொண்டு போன பிறகுதான், செயலர் அவர்களே, நீங்கள் பயணத்தை நிறுத்தினீர்கள். செலவு என்றீர்கள். பயணச் செலவு பிள்ளைகளுடையது, தங்கும் இடம் அந்தப் பல்கலைக்கழகத்துடையது என்று உங்களுக்குத் தெரியும். பாதுகாப்பு என்றீர்கள். ஒரு பிள்ளைக்கும் கீறல் கிடையாது, கார்த்தியின் மூக்கைத் தவிர. பெற்றோர் எதிர்ப்பு என்றீர்கள். எதிர்த்த ஒரே பெற்றோர் உங்கள் டீயைத் தொடாமல் எழுந்து போனார்.

இந்த வருடப் பிள்ளைகள் பாஸ்போர்ட் எடுத்துவைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி தினமும் எனக்குப் போன் செய்து, "மேடம், போவமா மாட்டமா?" என்கிறாள். அவளுக்கு நான் பதில் சொல்ல முடியாது. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அதற்கு முன்னால் இன்னொரு கேள்விக்கும் பதில் சொல்லுங்கள். அன்று உங்களுக்குப் பின்னால் இருந்த கண்ணாடி அலமாரியில் பீங்கான் கோப்பைகள் முழுதாக ஒரு வரிசை இருந்தன. நான் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். பிறகு மாரியின் அப்பாவுக்கு ஏன் காகிதக் கப்?

என்னைத் தனியாக அறைக்குக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டாம். வேறு ஆளை விட்டுப் போனில் சொல்லவும் வேண்டாம். இதே பத்திரிகையில், இதே பக்கத்தில், உங்கள் பெயரைப் போட்டுப் பதில் எழுதுங்கள்.